ரேணுகா அக்காவுக்கு வலித்த பதினான்கு வருடங்கள்

செய்தி வந்த நேரத்தில் நான் ரயிலில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் கிளம்பி பெங்களூர் போகும் காலை வண்டி ஊர்காம் ஸ்டேஷன் தாண்டியதும் எங்கள் பெண்கள் பெட்டியில் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் போட்டன. பிறகு பேச்சு நின்றது. எங்கள் பெட்டியில் பேச்சு நிற்பது அபூர்வம். இருந்தும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எட்டாம் வகுப்புத் தாள்களை அன்றே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றபோது, மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கும் மல்லிகா எதிரில் வந்து உட்கார்ந்து, என் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி மூடினாள்.

"டீச்சர், ரேணுகாக்கா போயிட்டாங்க. விடியகாலைல. அவங்க வீட்டு அண்ணன் இப்பத்தான் போன் பண்ணிச்சு. திரும்பிப் போவறதா இருந்தா இங்கயே இறங்கிடுங்க, பஸ்சு கிடைக்கும்."

நான் மட்டும் இறங்கினேன். மற்றவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஷிப்ட் இருந்தது. சொல்லாமல் ஒரு நாள் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பது ரேணுகா அக்காவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவராக இருந்தாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத்தான் போயிருப்பார்.

அந்தப் பெட்டியில் அவரோடு வந்தவர்கள், கார்மெண்ட்ஸில் அவரோடு தைத்தவர்கள், தங்கவயலில் ஸ்கெலட்டன் குடியிருப்பில் அவர் வீட்டு வரிசையில் இருப்பவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்கள் படித்தாலும் சரி. அவர் பெரிய காரியம் எதுவும் செய்தவர் இல்லை. பதினான்கு வருடம் இடுப்பு வலியோடு இருந்தார். அதற்கு வைத்தியம் தேடினார். ஐம்பத்தொரு வயதில் இறந்துபோனார்.

நான் அவரை முதலில் பார்த்தது பதினோரு வருடங்களுக்கு முன்னால். பெங்களூரில் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்த புதிது. வீடு தங்கவயலிலேயே நந்திதுர்க்கில் என்றாலும், உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்று மாரிகுப்பத்துக்கே போய் ஏறுவேன். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பெட்டியில் பாதி இடம் காலியாக இருக்க, ஒருவர் மட்டும் கதவருகே தடுப்பில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு வந்தார். இங்கே இடம் இருக்கிறது, உட்காருங்கள் என்றேன். என் மடியிலிருந்த நோட்டுகளைப் பார்த்தே நான் யார் என்று தெரிந்துகொண்டார்.

"வேணாம் டீச்சர். உக்காந்தேன்னா, இறங்கறப்ப என்னை ரெண்டு பேரு தூக்கி விடணும். நின்னுனே வர்றேன், போங்க."

ஒரு மாதம் கழித்து, இறங்குவதற்காகக் காலடியிலிருந்த பையை நான் எடுத்தபோது பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "இன்னா டீச்சர், உங்களுக்கும் இடுப்பா?"

எனக்கு வலி தொடங்கி அப்போது நாலைந்து மாதம். என் கணவரிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பையத் தூக்கறதுல தெரியுது. மூச்சப் புடிச்சினு, முட்டிய மடக்கினு எடுக்கறீங்க. நான் மூணு வருஷமா அப்பிடித்தான் எடுத்துனு கீறேன்."

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு கட்சி. பெட்டியில் எங்களை 'இடுப்புப் பார்ட்டி' என்று கேலி செய்வார்கள். நீங்கள் எல்லோரும்தான்.

அக்கா ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். முதுகு சாய இடமில்லாத ஸ்டூல். குனிந்த தலை நிமிராத வேலை. ஒரு நாள் காலர் கட்டு ஒன்றை மேசையிலிருந்து தூக்கித் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். இடுப்பில் யாரோ கத்தியைச் செருகித் திருகியதுபோல இருந்தது என்பார். அரை நாள் துணிக் குவியல் மேல் படுத்திருந்துவிட்டு, மறுநாள் மறுபடியும் போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் நம்பினார்.

வீட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. அவருடைய மாமனார் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். ஓய்வு பெற்று, நெஞ்சு இழுக்க இழுக்க வாசலில் உட்கார்ந்திருப்பார். "நாங்க பாறைய ஒடச்சோம். நீ ஊசி நூலு வெச்சினு காலர் தெக்கற. அதுக்கு இடுப்பு நோவுதா?" என்று கேட்டாராம். அவர் இறந்து பல வருடம் ஆகியும் அக்கா அந்தக் கேள்வியை மறக்கவில்லை. "கேட்டது தப்பில்ல டீச்சர். எனக்கே அந்த சந்தேகம் கீது" என்பார்.

டாக்டர்களிடம் அவர் போகாமல் இல்லை. எக்ஸ்ரே எடுத்தவர் தேய்மானம் என்றார். ஸ்கேன் எடுத்தவர் டிஸ்க் வீங்கி நரம்பைத் தொடுகிறது என்றார். ஒருவர் அசையாமல் படுக்கச் சொன்னார். இன்னொருவர் படுக்கவே கூடாது, நட என்றார். பெல்ட் கட்டினார், பலகையில் படுத்தார். ஆந்திரப் பக்கம் ஒரு கட்டு வைத்தியரிடம் போய் இடுப்பைச் சுற்றி முட்டையும் மருந்தும் பூசிய துணியோடு வந்தார். அந்த வாசனைக்குப் பெட்டியில் யாரும் பக்கத்தில் வரவில்லை. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நல்லதாப் போச்சு, இப்ப படுத்துனு வரலாம்." ஒரு பெரிய டாக்டர் ஆபரேஷன் என்றார். சரியாகிவிடுமா என்று அக்கா கேட்டதற்கு, ஆகலாம், ஆகாமலும் போகலாம், மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்றார். மூன்று மாதம் கழித்து அந்த ஸ்டூலில் வேறொரு பெண் இருப்பாள். அக்கா ஸ்கேன் கவரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கவர் பல வருடம் அவர் வீட்டுப் பரண்மேல் இருந்தது.

ஒரே ஒரு முறை அவருக்கு வலி விட்டது. முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள். அது அவரையே ஆச்சரியப்பட வைத்தது. அப்போது அவரைக்காய்க் காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கை நிறைய அவரையோடு என் வீட்டுக்கு வந்து, நேராகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். ஊறவைத்த கொட்டைகளை இருவரும் பிதுக்கிப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டே இருந்தோம். தன் மகள் பிறந்தபோது நடந்தது, கல்யாணத்துக்கு முன்னால் கபடி ஆடியது என்று எதையெல்லாமோ சொன்னார். கபடி ஆடினீர்களா என்று நான் சிரித்தேன். எழுந்து நின்று, புடவையைச் செருகிக்கொண்டு, என் வீட்டுக் கூடத்தில் இரண்டு எட்டு பாய்ந்து காட்டினார். மறுபடி உட்கார்ந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"வலிக்குதாக்கா?"

"இல்ல டீச்சர். நோவாம உக்காந்துனு கீறேன். பயமா கீது."

அந்தப் பயம் நான்காவது மாதம் பலித்தது. மாலை வண்டியில் மாலூர் தாண்டியதும், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து கதவருகே போய்ச் சாய்ந்து நின்றார். நான் அவரைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஊசி போட்டார்கள். இந்த முறை பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

சரியான வைத்தியத்தைக் கண்டுபிடித்தவரும் அக்காதான். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கார்மெண்ட்ஸில் யாரோ சொல்ல, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் ஷில்பா என்ற பிசியோ பெண் இருப்பதை விசாரித்து வைத்திருந்தார். தனியாகப் போகப் பயந்துகொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க வரிசையில் நின்றோம்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அதுவரை யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்டாள். எப்படி உட்காருகிறீர்கள், எவ்வளவு நேரம், எப்படித் தூங்குகிறீர்கள், குனிய எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு நாளில் எத்தனை முறை செய்வது, எவ்வளவு தூரம் நடப்பது என்று தாளில் எழுதினாள். வலித்தால் ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை, பயப்படாமல் செய்யுங்கள் என்றாள். கடைசியாக அக்காவிடம் தனியாக ஒன்று சொன்னாள். அரை மணிக்கு ஒருமுறை ஸ்டூலை விட்டு எழுந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அது இல்லாமல் மற்றது எதுவும் பயன்படாது. கம்பெனியில் காட்டுவதற்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊசி இல்ல, கத்தி இல்ல. படுத்து எழுந்தா போதுமாம். இத்த சொல்றதுக்கு ஒருத்தி இத்தினி வருஷம் கழிச்சி வந்தா பாரு."

நான் பள்ளியில் நின்றும் நடந்தும் பாடம் நடத்துகிறவள். என் வீட்டில் ஒருவர் குப்புறப் படுக்கத் தரையில் இடம் இருக்கிறது. சொன்னபடி செய்தேன். மூன்று மாதத்தில் குனிந்து பையை எடுத்தேன். ஆறாவது மாதம் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோக ஆரம்பித்தது.

அக்கா மூன்று நாள் செய்தார். மூன்று நாளும் அரை மணிக்கு ஒருமுறை மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். மூன்றாவது நாள் லைன் சூப்பர்வைசர் வந்து, எதற்கு நிற்கிறாய் என்று கேட்டான். கடிதத்தைக் கொடுத்தார். அவன் அதை வாங்கி, லைனில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தான். படித்து முடித்து, "எல்லாரும் எழுந்து நிக்கலாமா? டார்கெட்ட யாரு முடிப்பாங்க?" என்றான். சிலர் சிரித்தார்கள். பிறகு கடிதத்தை அவரிடமே கொடுத்து, "சாக்கு, கூத்கோ" என்றானாம். போதும், உட்கார் என்று கன்னடத்தில் சொல்வது அது. அக்காவைவிட அவன் இருபது வயது சின்னவன்.

"உக்காந்துட்டேன் டீச்சர்" என்றார் மாலை வண்டியில்.

வேறு கம்பெனி பார்க்கலாமே என்றேன். எல்லாக் கம்பெனியிலும் அதே ஸ்டூல்தான் என்றார். வேலையை விட்டுவிடுங்களேன் என்றும் ஒருமுறை சொன்னேன். அவர் கணவர் சேகர் அண்ணன் ஓட்டுகிற ஆட்டோவில் அந்தக் குடும்பம் நடக்காது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். வீட்டில் செய்கிற பயிற்சியை மட்டும் இன்னும் கொஞ்ச காலம் செய்து பார்த்தார். பகல் முழுக்க அந்த ஸ்டூல் இடுப்பைக் கெடுத்ததை, காலையில் பத்து நிமிடத்தில் திருப்ப முடியவில்லை.

இனி எழுதுவதை அக்கா இருந்தால் எழுத விடுவாரா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஒரு நாள் நான் மாரிகுப்பத்தில் உட்கார்ந்தவள், ஒருமுறைகூட எழுந்து இடுப்பைப் பிடித்துவிடாமல் பெங்களூர் கண்டோன்மெண்ட் வரை வந்துவிட்டேன். இறங்கும்போது அக்கா கேட்டார்.

"உங்களுக்கு விட்டுடுச்சா டீச்சர்?"

"கொஞ்சம் பரவாயில்லக்கா."

"கொஞ்சம் இல்ல. விட்டுடுச்சு."

அடுத்த ஒரு வாரம் அவர் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. அடுத்த பெட்டியில், கூட்டத்தில் நின்றுகொண்டு போனதாக மல்லிகா சொன்னாள். எட்டாவது நாள் வந்தார். எனக்கு எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோவம் உங்க மேல இல்ல டீச்சர்" என்றார். டிபன் பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டே, "பொய்யி. உங்க மேலதான் இருந்திச்சி. இப்ப போயிடுச்சி" என்றார். டிபன் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு இட்லி கொடுத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

மீதி இருந்தது வலி மாத்திரை மட்டும்தான். ஸ்டேஷன் போகும் வழியில் இருந்த மெடிக்கலில் பெயரைச் சொன்னால் கொடுப்பார்கள். சீட்டு கேட்பதில்லை. காலையில் வண்டி ஏறியதும் ஒன்று, மாலையில் ஒன்று. பிறகு மத்தியானமும் ஒன்று. அவருக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தது. எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இதே மாத்திரையைப் பற்றி என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் போட்டால் கிட்னி போய்விடும் என்று. அக்காவிடம் சொன்னேன். ஒரே ஒரு தடவை சொன்னேன்.

"கிட்னி எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது டீச்சர். இடுப்பு எங்க கீதுன்னு தெரியும்" என்றார்.

பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவ்வளவு நன்றாகச் சொன்னார். சிரித்து முடித்தபின் மறுபடி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதோடும் நிற்கவில்லை. சில நாள் அவருடைய அட்டை தீர்ந்து, கம்பியில் நெற்றியைச் சாய்த்து நின்றிருப்பார். என் பையில் பழைய அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். எனக்கு அது தேவைப்படாத காலம். எடுத்துக் கொடுத்திருக்கிறேன், தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து. எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. அன்றைக்கு அது உதவியாகத்தான் தெரிந்தது. வலிக்கிற ஒருவர் முன்னால் மாத்திரையை வைத்துக்கொண்டு புத்தி சொல்ல என்னால் முடியவில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் அவருடைய கால் வீங்க ஆரம்பித்தது. நின்றுகொண்டே வருவதால் என்று நினைத்தோம். பிறகு முகம் வீங்கியது, சோறு பிடிக்கவில்லை, இரண்டு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாராம். அக்கா சுருக்குப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். எத்தனை வருஷமாக என்றதும் சேகர் அண்ணன்தான் பதில் சொன்னார். இரண்டு சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டன. இனி திரும்பாது என்று அன்றே சொல்லிவிட்டார்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். கார்மெண்ட்ஸ் வேலை தானாகவே நின்றது. நான் ஞாயிறுகளில் வீட்டுக்கும், விடுமுறை நாட்களில் கோலாரில் டயாலிசிஸ் செய்யும் மருத்துவமனைக்கும் போவேன். அங்கே நான் கண்டதை எந்த டாக்டரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கையில் ஊசியைக் குத்தி மிஷினோடு இணைத்துவிட்டால் நான்கு மணி நேரம் அசையக் கூடாது. பதினான்கு வருடம் எந்த ஒன்றை அவர் இடுப்பு தாங்கவில்லையோ, அதையே இப்போது உயிர் பிழைக்க அவர் செய்ய வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் உதட்டைக் கடிப்பார். நர்ஸைக் கூப்பிடுவார். "அம்மா, இடுப்புக்கு எதனா குடு தாயே." நர்ஸ், கிட்னி இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரை கொடுக்கக் கூடாது என்பாள். வேறு ஏதோ லேசான மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அது ஒன்றும் செய்யவில்லை. சேகர் அண்ணன் கட்டில் ஓரத்திலிருந்து கையை விட்டு, மெத்தைக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் முஷ்டியை வைத்துக்கொண்டு குனிந்தே நிற்பார். நான்கு மணி நேரமும் நிற்பார். வெளியே வந்ததும் அவருக்கு நிமிர முடியாது.

ஷில்பாவுக்குப் போன் செய்து கேட்டேன். படுத்த நிலையிலேயே காலை மடக்கி நீட்டுவதுபோல எதையோ சொல்லிக் கொடுத்தாள். அக்காவிடம் காட்டினேன். நான் காட்டுவதை அவர் கடைசிவரை பார்த்தார். "நல்லா செய்றீங்க டீச்சர்" என்றார். அவர் செய்யவில்லை.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது இறப்பதற்கு ஐந்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். டயாலிசிஸுக்கு இனி வரமாட்டேன் என்று சேகர் அண்ணனிடம் சொல்லிவிட்டிருந்தார். மகள் பெங்களூரிலிருந்து வந்து அழுது பார்த்துவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்திருந்தாள். நானும் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"நீங்க எழுதறவங்க. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. நான் போனப்பறம் எல்லாரும் வருவாங்க. ரேணுகா எம்மாம் பொறுமைசாலி, எத்தினி வருஷம் வாயத் தொறக்காம தாங்கினா, அப்பிடின்னுவாங்க. நீங்க ஒத்துக்காதீங்க. நான் பொறுத்துக்கல டீச்சர். ஒரு நாளும் பொறுத்துக்கல. வேற வழி இல்ல, அவ்ளோதான். ரெண்டும் ஒண்ணு கிடையாது."

சரிக்கா என்றேன். கொஞ்சம் தண்ணீர் கேட்டார். அளந்துதான் கொடுக்க வேண்டும் என்று மகள் எட்டிப் பார்த்தாள். அரை டம்ளர் கொடுத்தேன். இன்னும் கேட்டார். மீதியையும் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பங்காருப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் திரும்பி அவர் வீட்டுக்குப் போனபோது கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டிருந்தது. அதில் அவரை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார்கள். கால்களை நீட்டி, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, எல்லோரையும் வைப்பதுபோலத்தான் வைத்திருந்தார்கள். சேகர் அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு தலையணையை எடுத்து வந்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"அவளால நேராப் படுக்க முடியாது" என்றார். "முட்டிக்கு அடியில எதனா வெச்சாத்தான் படுப்பா."

பெரியவர் ஒருவர், அதெல்லாம் இனி எதற்கு, அப்படி வைக்கிற வழக்கம் இல்லை என்று தோளைப் பிடித்தார். சேகர் அண்ணன் சண்டை போடவில்லை. அழவும் இல்லை. தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு, தானே மூடியை நகர்த்தி, அக்காவின் இரண்டு முட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் தலையணையை வைத்தார். விறைத்துப்போன கால்கள் மடங்கவில்லை. குதிகால்கள் அந்தரத்தில் நின்றன. அவர் இரண்டு மூன்று முறை சரிசெய்து பார்த்தார். அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுநாள் தூக்கும்போது தலையணையும் கூடவே போனது.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. அன்று இரவு கார்மெண்ட்ஸிலிருந்து ஷிப்ட் முடிந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். மாலையைப் போட்டுவிட்டு ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்ளோ பொறுமை டீச்சர் அவங்களுக்கு. ஒரு நாளு மூஞ்சி சுளிச்சதில்ல" என்றாள். சுற்றி இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அழுகிற வீட்டில் மறுத்துப் பேச எனக்கு வரவில்லை. அவர் கேட்டுக்கொண்ட ஒரே காரியம் அது. அன்று செய்யாததை இன்று எழுதிச் செய்கிறேன். ரேணுகா அக்கா பொறுமைசாலி இல்லை. அவருக்குக் கோபம் இருந்தது, பொறாமை இருந்தது, வலிக்கிறது என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த நாட்களில் நினைத்துப் பார்க்கிறேன். தைரியம் என்று எழுதினால் அது பொய். நம்பிக்கை என்று எழுதினால் அதைவிடப் பெரிய பொய். அவர் கண்டுபிடித்த வைத்தியத்தால் நேராக நிற்கிற ஒரு முதுகு எனக்கு இருக்கிறது. அது எனக்குச் சந்தோஷம் தரவில்லை. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னதை வைத்திருக்கிறேன். இனி யாராவது ஒரு பெண்ணை என் எதிரில் பொறுமைசாலி என்று சொன்னால், அவளைத் தனியாகக் கூப்பிட்டு எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். கேட்டபிறகு என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடமும் பதினோரு வருடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.